நம்பர் அக்காவும் பத்தொன்பதாம் விதியும்

நம்பர் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையில் அச்சடித்திருக்கிறது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவை நிலையத்தில், கீழே இயந்திரக் கூடத்திலிருந்து மாடியில் அலுவலகம் வரை, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவளே திரும்ப மாட்டாள்.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் படித்தவர்கள், அதில் இரண்டு பேர் வெளிநாடு போய்ப் படித்தவர்கள். பதினோரு பேருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போட்டு ஒரு பக்கம் அடிக்கத் தெரியாது. ஒருவருக்கு ஐந்துக்கு அப்புறம் மறுபடி ஒன்று வரும். இன்னொருவருக்கு ஏழுக்கு அப்புறம் நான்கு வரும். மேற்பார்வையாளருடைய பட்டியல் ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்ந்து, கடைசி வரி காகிதத்தை விட்டே வெளியே போய்விடும். அவர் அதை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இழுத்து நிறுத்துவார். ஒரு எழுத்தைச் சேர்த்தால் எல்லாம் மறுபடி கம்பி நீட்டிவிடும்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன். இது பேய் பிடிச்ச மாதிரி பண்ணுது."

"பேயெல்லாம் இல்லை சார். வேற ஃபைல்லேர்ந்து காப்பி பண்ணி ஒட்டினீங்களா?"

"நான் ஒண்ணுமே பண்ணலை."

ஒன்றுமே பண்ணாதவர்களின் கம்ப்யூட்டரை அக்கா பன்னிரண்டு வருடமாகச் சரிசெய்து வருகிறாள். முதலில் கண்ணுக்குத் தெரியாத அடையாளங்களைக் காட்டும் பட்டனை அழுத்துவாள். திரை முழுக்கப் புள்ளியும் கொக்கியுமாக வந்து நிற்கும். "நம்பர் இங்க, முன்னாடி இல்லை. வரியோட கடைசில இருக்கு பாருங்க இந்தக் கொக்கி, அதுலதான் இருக்கு. நீங்க கொக்கியை அழிச்சா நம்பரும் போயிடும்" என்று சொல்வாள். கேட்பவர் பெரிய உண்மையைக் கேட்டதுபோலத் தலையாட்டுவார். அடுத்த வாரம் அதே கொக்கியை அழித்துவிட்டு அதே அக்காவைக் கூப்பிடுவார். பார்ப்பதற்கு ஒரே பட்டியல்போல இருக்கும் ஆனால் உள்ளே மூன்று தனித்தனிப் பட்டியல்களாக இருக்கும், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும் என்பதை அவள் விளக்கிச் சொன்னபோது மேற்பார்வையாளர், "எங்க வீடு மாதிரி" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பாடம் ஏறவில்லை.

அவள் இங்கே வந்த கதையும் இதே லட்சணம்தான். மகப்பேறு விடுப்பில் போன ஒரு டைப்பிஸ்டுக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு என்று எடுத்தார்கள். அந்த டைப்பிஸ்ட் திரும்பி வரவே இல்லை. அவருக்குப் பிறந்த பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறது. அக்காவின் மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய பணி நீட்டிப்புக் கடிதம் வரும், அதையும் அவளேதான் டைப் அடிப்பாள்.

அந்த இடத்தில் நிரந்தர ஊழியர்களுக்கு நீல அட்டை, தற்காலிகங்களுக்கு மஞ்சள் அட்டை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நிர்வாகம் எப்போதும் சொல்லும். நீல அட்டைக்காரர் குடும்பத்துக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அது ஒன்றுதான் வித்தியாசம். தினமும் நான்காயிரம் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து, எண்ணி அனுப்புகிற இடத்தில், அதில் படுத்துப் பார்ப்பதற்கு மட்டும் நீல அட்டை வேண்டும்.

அக்காவுக்கு அது வேண்டியிருந்தது அப்பாவுக்காக. வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் விருந்தாளிபோல வந்து போவார். வீட்டில் அவளும் அப்பாவும்தான். லாரிகளை எடைபோடும் நிலையத்தில் முப்பது வருடம் நின்று வேலை பார்த்தவர், இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டன. இரண்டாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவார். மாற்று முட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். நல்லாயிருப்பவர் கக்கூஸ் கதவைத் தாழ்போடுவதில்லை, உள்ளே எழுந்திருக்க முடியாமல் போனால் மகள் வந்து தூக்க வேண்டுமே என்று.

இந்த வருடம்தான் அவளுடைய பெயர் முதல்முறையாக நிரந்தரப் பட்டியலுக்குப் போயிருந்தது. மாதக் கடைசியில் முடிவு. கடந்த இரண்டு வருடத்தில் எழுத்து மூலமான எச்சரிக்கை எதுவும் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அக்காவின் ஃபைல் வெளுத்த துணிபோல இருந்தது.

இந்த நேரத்தில்தான் பெட்ஷீட் அண்ணன் மூக்குக்கண்ணாடியை ரிப்பேர் செய்யப் போனார்.

பெட்ஷீட் அண்ணன் மடிப்பு மேஜையில் இருபத்திரண்டு வருடமாக நிற்பவர். நீல அட்டை. அக்காவுக்கும் அவருக்கும் ஆகாது. அவள் அடிக்கும் ஷிஃப்ட் பட்டியலில் ஒருமுறை அவருடைய பெயர் விட்டுப்போனதிலிருந்து, மாடிப்படியில் எதிரே வந்தால், "என்னம்மா, ரெண்டுக்கு அப்புறம் மூணுதானே? மாத்திட்டீங்களா?" என்று கேட்காமல் போக மாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கண்ணாடியின் காது உடைந்துவிட்டது. எதிரே கண்ணாடிக் கடை. வாசலில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். நூல் கட்டித் தொங்கவிட்ட பேனாவில் மை இல்லை. இரண்டு தடவை உதறிப் பார்த்தார், அப்புறம் போய்விட்டார். பத்து நிமிடத்தில் திரும்பியும் வந்துவிட்டார். காவலாளி தன் சொந்தப் பேனாவை எடுத்து அதை விவரமாக எழுதி மேலே அனுப்பினார்.

மேனேஜருக்கு அன்று நல்ல நாள். அவர் இந்த இடத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்ததிலிருந்து ஒற்றைக் காலில் நின்று 'ஊழியர் நடத்தை விதிகள்' புத்தகத்தைத் திருத்தி, நான்கு மாதத்துக்கு முன்னால்தான் மேலிடத்தின் கையெழுத்தோடு முந்நூறு பிரதி அச்சடித்திருந்தார். திருத்தம் என்றால் வேறொன்றுமில்லை, வேலை நேரத்தில் கைப்பேசி பார்க்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தது. புத்தகத்தின் மேலட்டை நிறத்தையும் மாற்றினார். புதுச் சட்டை வாங்கியவன் அதைப் போட்டுக்கொண்டு எங்கேயாவது போக வேண்டாமா? அவர் புத்தகத்தைப் பிரித்தார். அனுமதியின்றி, பதிவேட்டில் கையெழுத்திடாமல் வாசலைத் தாண்டுதல், விதி பத்தொன்பது. பின்பக்கம் தண்டனை அட்டவணையைப் பார்த்தார். விதி பத்தொன்பது, பணிநீக்கம்.

கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டும். அவருக்குத் தோன்றவில்லை. அச்சடித்த புத்தகம், மேலிடத்தின் கையெழுத்து, தன்னுடைய முன்னுரை. உத்தரவைக் கையால் எழுதி, டைப் அடிக்க அக்காவுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை விசாரணை, அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

அக்கா உத்தரவை அடித்தாள். பாதியில் விரல் நின்றுவிட்டது. கையெழுத்துப் போடாமல் போனால் வாய்மொழியாகக் கண்டிப்பார்கள், அவ்வளவுதான் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை முதன்முதலில் அடித்தவளே அவள்தான். பழைய பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பழையதில் வாசல் தாண்டுவது விதி பதினெட்டு. பத்தொன்பது, நிறுவனத்தின் பொருளைத் திருடிச் செல்லுதல். பணிநீக்கம் அதற்கு.

இரண்டு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் பிரித்தாள், தண்டனை அட்டவணை இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது.

நடந்தது இதுதான். கைப்பேசி விதியை மேனேஜர் எட்டாவது இடத்தில் சேர்க்கச் சொன்னார். ஏழாவது வரியின் முடிவில் கர்சரை வைத்து ஒரு எண்டர் தட்டினாள். எட்டு வந்தது, கீழே இருந்த எல்லா விதிகளும் சொல்லி வைத்தாற்போல ஒவ்வொரு எண் கீழே இறங்கின. மேனேஜர் "அடடே" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "தானா எண் போடறதுன்னா இதான் சார்" என்று அன்றைக்கு ஒரு வசனம் வேறு பேசினாள். கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருந்த எண்கள் மட்டும் தானாகப் போட்டவை அல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், புதுசாக வேலைக்கு வந்த பயத்தில், கம்ப்யூட்டரை நம்பாமல் ஒவ்வொன்றையும் அவள் கையால் அடித்திருந்தாள். கையால் அடித்த எண் நகராது. அது அங்கேயே, அவள் வைத்த இடத்திலேயே, பத்தொன்பதுக்கு நேரே பணிநீக்கம் என்று இருந்தது.

எட்டுக்குக் கீழே ஒவ்வொரு தண்டனையும் ஒரு படி தள்ளிப்போய் வேறு குற்றத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு அறையில் தட்டைக் கழுவாமல் வைத்த ஒருவரைப் போன மாதம் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பினார்களே, அது சீருடை போடாதவனுக்கு உரிய தண்டனை. அவரும் ஒன்றும் கேட்காமல் போய்விட்டு வந்தார். தட்டு விஷயத்தில் நிர்வாகம் இவ்வளவு கண்டிப்பா என்று எல்லோரும் அப்புறம் தட்டைப் பளபளவென்று கழுவ ஆரம்பித்தார்கள். நிர்வாகம் நன்றாக நடப்பதாக மேனேஜர் மேலிடத்துக்கு எழுதினார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அக்கா எல்லா வழியும் யோசித்தாள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை ரகசியமாகத் திருத்திவிடலாம். முந்நூறு அச்சுப் பிரதி ஊர் முழுக்க இருக்கிறது. மொட்டைக் கடிதம் எழுதலாம். அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள், மொட்டைக் கடிதம் கையெழுத்துப் போட்ட கடிதமாகத்தான் இருக்கும். பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருந்தால் பெட்ஷீட் அண்ணன் போவார், மாதக் கடைசியில் நீல அட்டை வரும். இருபத்திரண்டு வருடம் மடித்த மனுஷன். அவருக்காகத் தான் கவலைப்படுவது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் நல்லபடியாகப் பேசத் தெரிந்த ஆளாக இருந்தாலாவது கவலைப்பட்டுத் தொலைக்கலாம்.

அப்பா சுவரில் சாய்ந்து முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள்.

"தப்பு உன் பேர்லதானே?"

"ஆமா."

"அப்போ போய்ச் சொல்லிடு."

"சொன்னா எச்சரிக்கைக் கடிதம் குடுப்பாங்கப்பா. பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. உங்க முட்டி..."

"என் முட்டிக்கு என்ன அவசரம்? அது பாட்டுக்கு இருக்கு. ஒருத்தன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு எனக்கு முட்டி மாத்தணுமா?" என்றார். தைலப் பாட்டிலை மூடி ஜன்னல் ஓரம் வைத்தார். இருந்த இடத்திலிருந்து கை எட்டியது, அதனால் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை மேனேஜர் அறையில். தலைமை அலுவலகத்துப் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். பெட்ஷீட் அண்ணன் ரிப்பேரான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீருடைப் பித்தானைக் கழுத்துவரை மாட்டி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில் இருந்த துவாலையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தன. அக்கா இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"உத்தரவை வச்சுட்டுப் போங்க" என்றார் மேனேஜர்.

"உத்தரவு தப்பு சார்."

"ஸ்பெல்லிங்கா?"

"தண்டனை சார்."

சொல்ல வேண்டியதை நான்கு நிமிடத்தில் சொன்னாள். பழைய புத்தகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினாள். மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததும் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் ஒரு வழி கிடைத்து மலர்ந்தது.

"அப்போ கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிடுச்சு."

"கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலை சார். நடுவுல விதி சேர்த்தப்போ கடைசி அட்டவணையைப் பாத்து மாத்தியிருக்கணும். நான் பாக்கலை."

"நீங்க பாக்கலை" என்றார் மேனேஜர், ரசீது வாங்குகிறவர்போல. புத்தகத்தை அச்சுக்கு அனுப்புமுன் மூலப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் 'சரிபார்த்தேன்' என்று அவர் போட்ட கையெழுத்து மேஜைமேல்தான் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

பணியாளர் பிரிவு மேடம் கையை நீட்டினார். புதிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இந்தக் கணக்குப்படி இப்போ ஒருத்தர் பத்து பெட்ஷீட்டைத் திருடினா என்ன தண்டனை?"

அக்கா பார்த்தாள். "மன்னிப்புக் கடிதம், மேடம்."

"பத்துக்கும் சேர்த்து ஒண்ணா?"

"ஒண்ணு போதும், மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெட்ஷீட் அண்ணனைப் பார்த்து, "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, இனிமே" என்றார். வாய்மொழிக் கண்டிப்பு அத்தோடு முடிந்தது.

வெளியே வந்த பெட்ஷீட் அண்ணன் படிக்கட்டுத் திருப்பத்தில் அக்காவுக்காக நின்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. தன்னை மறந்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று அக்காவுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"மூணு நாளா சோறு இறங்கலை எனக்கு. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை. எல்லாம் உன்னாலதான்" என்றார். நாலு படி இறங்கினார். திரும்பி நின்று, "இருந்தாலும் வந்து சொன்னியே" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, அவளும் எதிர்பார்க்கவில்லை.

மேனேஜர் அன்று மதியமே அவளைக் கூப்பிட்டார். இப்போது தலைமை அலுவலகத்துக்கு ஒரு பதில் போயாக வேண்டும், அந்தப் பதிலில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். மேஜையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது.

"மனசுல வச்சுக்காதீங்க. நடவடிக்கை எடுக்கலைன்னா மேல என்னைக் கேப்பாங்க. எச்சரிக்கைக் கடிதம்தான், சின்னதா எழுதியிருக்கேன்."

"சரிங்க சார்."

"இன்னொண்ணு. இனிமே யாரும் சொல்லாம ஒரு எழுத்தைக்கூட நீங்க மாத்தக் கூடாது. எழுதிக் குடுத்தது எப்படியிருக்கோ அப்படியே அடிக்கணும். நீங்களா சரிபண்றேன்னு ஆரம்பிச்சுத்தான் இவ்வளவும்."

"அப்படியே அடிக்கணுமா சார்?"

"அப்படியே."

தன்னுடைய எச்சரிக்கைக் கடிதத்தைத் தானே டைப் அடிக்க உட்காரும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருடம் இந்தக் கட்டடத்தில் எல்லோருடைய ஒன்றையும் இரண்டையும் வரிசையாக நிறுத்தி வைத்தவளுக்கு இதுதான் மரியாதை என்று நினைத்தாள். வாய்விட்டு அழலாம் போலிருந்தது, ஆனால் எதிர் மேஜையில் மேற்பார்வையாளர் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருந்தார், அவர் என்ன ஏதென்று கேட்பார். காகிதத்தைப் படித்தாள்.

மேனேஜர் காரணங்களை எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. கையால் எழுதும்போதுகூட அவருக்கு அது வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கீழே, 'விதி 24-ஐ மீறியதற்காக எழுத்து மூலம் எச்சரிக்கப்படுகிறீர்கள்' என்று இருந்தது.

ஆவணங்களில் கவனக்குறைவு, பழைய புத்தகத்தில் இருபத்துநான்கு. புதியதில் இருபத்தைந்து. மனுஷன் காலையில் மேஜைமேல் கிடந்த பழைய பிரதியைப் பார்த்து எழுதியிருக்கிறார். புதிய புத்தகத்தைப் பிரித்து இருபத்துநான்கு என்ன என்று பார்த்தாள். சொந்த வீட்டுத் துணிகளைக் கொண்டுவந்து நிறுவனத்தின் இயந்திரத்தில் வெளுத்துக்கொள்ளுதல்.

கை தானாக நான்கை அழிக்கப் போனது. அது அவளுடைய வியாதி. தப்பான எண்ணைப் பார்த்தால் பிள்ளை மூக்கு ஒழுகுவதைப் பார்த்த தாய்போலக் கை போய்விடும். விரல் பட்டன்மேல் நின்றது. சரிசெய்தால் கடிதம் செல்லும், பட்டியலிலிருந்து பெயர் போகும், அப்பா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். தான் செய்த தப்புக்கு இன்னொருவன் அடிபடக் கூடாது என்று காலையில் போய்ச் சொன்னாள், அது சரி. மேனேஜர் செய்த தப்பையும் அவளே சரிசெய்து, அதனால் வரும் அடியையும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? முப்பத்திரண்டு விதியையும் அடித்தவள் அவள், எதிலும் இல்லை.

ஒன்று, இரண்டு, ஒன்று என்று அடித்தாள். இது சுலபமாக இருக்கவில்லை. இரண்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் பிடிவாதமாக மூன்று போட்டது. ரைட் கிளிக் செய்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கு என்று சொல்லித் தப்பாக்கினாள். விதி 24 என்று அடித்தாள். எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தாள். "சொன்னபடி அடிச்சிருக்கேன் சார். ஒருதடவை பாத்துடுங்க" என்றாள். அதையும் சொல்லத்தான் சொன்னாள். மேனேஜர் போனில் பேசிக்கொண்டே, பார்க்காமல், 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் குற்ற உணர்ச்சி வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நல்ல பசிதான் வந்தது.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதே மேடம்.

"உங்க ஃபைல்ல ஒரு கடிதம் இருக்கு. வீட்டுத் துணியை இங்க கொண்டுவந்து வெளுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ஒரு துண்டுகூட?"

"இல்லீங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மேடத்துக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அந்த அறையிலேயே உட்கார்ந்து பார்த்தவர்.

"இதை டைப் பண்ணது யாரு?"

"நான்தான் மேடம். எழுதிக் குடுத்ததை மாத்தக் கூடாதுன்னு சார் உத்தரவு."

"ஓஹோ. அப்போ இந்தக் கடிதம் செல்லாது. உங்க சார்கிட்ட, சரியான விதி போட்டு நாளைக்குள்ள வேற கடிதம் அனுப்பச் சொல்றேன். அனுப்பினா, ஒரே மாசத்துல ரெண்டு தடவை எண் தப்பினது ஏன்னு விளக்கமும் சேர்த்து அனுப்பணும். அதையும் சொல்றேன்."

மறுநாளுக்குள் மேனேஜரிடமிருந்து ஒன்றும் போகவில்லை. விளக்கம் எழுத அவருக்குக் கை வரவில்லை. அவருடைய அறைக்கதவு இரண்டு நாள் சாத்தியே இருந்தது, பட்டியல் கேட்டுக்கூட அக்காவைக் கூப்பிடவில்லை. மாதக் கடைசியில் வந்த உத்தரவில் நிரந்தரமாக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர், எண்கள் வரிசையாகவே இருந்தன, ஆறாவது அக்கா.

அன்று அவள் இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். அப்பா வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள், கடிதத்தில் இருந்த எண்ணைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. முப்பது வருடத்தில் ஒரு லாரியின் எடையைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனுஷன். கரித்துக் கொட்டப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சேதான் விட்டியா?"

"தெரிஞ்சேதான்பா. நீங்க என்ன வேணா சொல்லுங்க, எனக்கு உங்க..."

"எந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

"என்ன?"

"ஆஸ்பத்திரிக்கு. ஆபரேஷனுக்கு. எந்தத் தேதின்னு கேட்டியா?" அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார். "ரெண்டையும் ஒண்ணாப் பண்ணுவாங்களா, ஒண்ணு ஒண்ணாவான்னு கேளு. ஒண்ணு ஒண்ணாதான்னா முதல்ல இடது. நாளைக்கே கேளு. காலைல போனதும் கேட்டுடு, என்ன?"

"கேக்கறேன்பா" என்றாள் அக்கா. எத்தனை நாளாக, எவ்வளவு வலித்திருந்தால் இந்த மனுஷன் இப்படிக் கேட்பார் என்று நினைத்தபோது, பன்னிரண்டு வருடம் அலுவலகத்தில் ஒருதடவைகூட அழாதவள் செருப்புக் காலோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.